அடுப்படி அழகும் வசதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடுகளின் சமையலறையை மாடுலர் கிச்சனாக மாற்றும் பழக்கம் சிற்றூர்களிலும் பரவிவரும் நிலையில், அலமாரிக் கதவின் நிறத்துக்குத் தரும் கவனத்தில் பாதிகூட அங்கே நின்று சமைப்பவரின் உடம்புக்குத் தரப்படுவதில்லை. மேடையின் உயரத்தைப் பெரும்பாலும் கொத்தனாரே முடிவு செய்துவிடுகிறார். மடக்கிய முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை அமைந்தால், காய் நறுக்கும்போது குனியவோ தோளைத் தூக்கவோ வேண்டியிருக்காது. அடுப்பு இருக்கும் பகுதி இன்னும் சற்றுத் தாழ்ந்திருந்தால், விருந்து நாளில் பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் சாம்பாரை எட்டிப் பார்த்துக் கிளறும் ஆபத்தும் இராது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரை அலமாரிக்குள் மறைப்பவர்கள் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் விட்டாக வேண்டும். சிங்க்கின் கீழே, விலை கூடினாலும், ஈரத்தைத் தாங்கும் தரத்தைக் குறிக்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டே பொருத்தம்.

விருந்தினரோடு பேசிக்கொண்டே சமைக்கலாம் என்று கூடத்துச் சுவரை முழுவதுமாக இடிப்பவர்கள், மிளகாய் வற்றல் தாளிக்கும் நெடியை மறந்துவிடுகிறார்கள். தூண்களின்றிக் கட்டப்பட்ட பழைய வீடுகளில் அந்தச் சுவரே கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கவும் கூடும். பரிமாறுவதற்கு வசதியாக, மூடித் திறக்கும் அகலமான ஜன்னலொன்றை அச்சுவரில் அமைத்தாலே போதும் என்பது என் கருத்து. அதற்கும் பொறியாளரின் ஆலோசனை தேவை. இதுபற்றிக் கட்டடப் பொறியாளர்களின் விளக்கங்களைத் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.