ஒரு இடைத்தேர்வு மார்க்கை வைத்துக் கணக்கை விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் ஒன் முதல் இடைத்தேர்வு முடிந்த கையோடு, கணிதத்தில் மார்க் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, "பேசாம கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்புக்கு மாத்திடுங்க" என்று சொல்லி அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமாகி வருகிறது. என் மகள் படிக்கும் பள்ளியிலும் கடந்த ஆகஸ்டில் என்னை அழைத்தார்கள். ஐம்பதுக்குப் பதினான்கு வாங்கியிருந்தாள். ஆசிரியர் அறை வாசலில் நின்றபடியே பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம்.

நான் நீடாமங்கலம் வட்டாரத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு என்ற பேச்சு வந்ததுமே எங்கள் சங்கத்தில் குறுவைக் கடனுக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். பிளஸ் ஒன் சேர்க்கை நடப்பதும் ஏறத்தாழ அந்த வாரங்களில்தான். சிட்டாவையும் அடங்கலையும் என் மேசையில் வைத்துக்கொண்டே, "ஏம்மா, புள்ளைக்கு எந்த குரூப்பு போடலாம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நாற்றங்கால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். பள்ளியில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கடன் சங்கத்து எழுத்தரிடம் கேட்கிறார்கள். நான் படித்ததோ வணிகவியல் குரூப். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். பள்ளிக்கூடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்ற வேதனை ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு உண்டு.

மகளின் விடைத்தாளை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியரிடம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார். சைன் 75 டிகிரியின் மதிப்பு காணும் கணக்கு. எழுபத்தைந்தை நாற்பத்தைந்து கூட்டல் முப்பதாகப் பிரித்திருக்கிறாள், சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறாள், மதிப்புகளையும் சரியாகப் போட்டிருக்கிறாள். கடைசியில் இரண்டு பின்னங்களுக்கும் கீழே இரண்டு ரூட் இரண்டு என்று ஒரே பகுதி நிற்கிறது. மேலே உள்ளதை மட்டும் கூட்ட வேண்டிய இடத்தில் கீழே உள்ளதையும் கூட்டி நாலு ரூட் இரண்டு ஆக்கிவிட்டாள். அடுத்த பக்கத்தில் ஒரு சமனின்மைக் கணக்கு. மைனஸ் மூன்று எக்ஸ், பன்னிரண்டைவிடப் பெரியது. மைனஸ் மூன்றால் வகுக்கும்போது குறி திரும்ப வேண்டும். திரும்பவில்லை. எக்ஸ், மைனஸ் நாலைவிடப் பெரியது என்று முடித்திருக்கிறாள். பகுதிப் பின்னத்தில் முதல் படியான காரணிப்படுத்தலிலேயே தவறு, அதனால் அந்தக் கணக்கு முழுவதும் போயிற்று.

சார் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பதினொண்ணாங் கிளாஸ் கணக்கு இவளுக்குப் புரிஞ்சுதாம்மா இருக்கு. ஒம்பதாங் கிளாஸ் கணக்குதான் கைய விட்டுப் போயிருக்கு."

பத்தாம் வகுப்பில் இவள் 81 வாங்கியவள். இது எப்படி என்று அவரையே கேட்டேன். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வடிவியல் வரைவதற்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் இருக்கிறது. காம்பஸும் ஸ்கேலும் பிடித்துப் பழகிவிட்டால் அது கையில் வந்துவிடும். புத்தகக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டே இன்னும் கொஞ்சம் சேர்த்துவிடலாம். பிளஸ் ஒன்னில் அந்த 16 கிடையாது. மொத்தம் பன்னிரண்டு பாடம். கணங்களும் சார்புகளும் முடிந்ததும் இயற்கணிதம், முக்கோணவியல் என்று போகிறது, இரண்டாம் தொகுதியில் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் வந்து நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் பின்னமும் குறியும் காரணிப்படுத்தலும் தடுமாறாமல் வர வேண்டும். அது வராத பிள்ளை அறிவில்லாத பிள்ளை அல்ல. அடியுரம் போடாத வயலில் பயிர் வெளுத்தால் யாரும் அதை உழுது அழிப்பதில்லை.

கணக்கை விடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கணிதம் உள்ள முதல் குரூப்பில் சேர்ந்து, முழுமனதோடு வணிகவியலுக்கு மாறி, இப்போது பி.காம். நன்றாகவே படிக்கிறான். நர்சிங் படிக்க வேண்டும் என்று முடிவோடு இருக்கும் பெண்ணுக்குக் கணிதம் இல்லாத அறிவியல் குரூப் போதும். மருத்துவத்துக்கான நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும்தான் கேட்கிறார்கள். பாடத்தை வெறுத்து, ராத்தூக்கம் கெட்டு, அழுதுகொண்டே இரண்டு வருடம் ஒரு பிள்ளை கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று எந்தத் தாயும் விரும்ப மாட்டாள். விடுவதாக இருந்தால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும், அதுதான் என் கோரிக்கை.

அந்த வாசலில் எனக்கு யாரும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. பிளஸ் டூவில் கணிதம் படிக்காத பிள்ளைக்கு அங்கே கணக்கிடுவதற்கே ஒன்றுமில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021இல் வந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குத்தகைக்கு உழும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது? பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் இந்த மூன்று பாடங்களிலும் சேர்த்துச் சராசரி 40 சதவீதம் வைத்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆகவே கணக்கில் சென்டம் எடுப்பவர்களுக்கு மட்டும் உரிய வழி அல்ல இது. பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல், கட்டடக்கலை எல்லாவற்றுக்கும் கணிதம் வேண்டும். இயற்பியலுக்கும் பெரும்பாலான கல்லூரிகளில் கேட்கிறார்கள். கணக்கே வேண்டாம் என்று வணிகவியலுக்குப் போய் சி.ஏ. எழுத நினைத்தால், முதல் கட்டத் தேர்விலேயே கணிதமும் புள்ளியியலும் கொண்ட ஒரு தாள் காத்திருக்கிறது.

இதை எல்லாம் ஒரே ஒரு தாளில் தமிழில் அச்சடித்துவிடலாம். எங்கள் சங்கத்தில் நகைக்கடன் வாங்க வருபவருக்குக்கூட வட்டி என்ன, தவணை எப்போது, தவறினால் என்ன ஆகும் என்று படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குகிறோம். பிள்ளையின் படிப்பை மாற்றுவதற்கு வாங்கும் கையெழுத்துக்கு அந்த அளவு விளக்கம்கூட இல்லை.

பள்ளிகளின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும். ஒரே கணித ஆசிரியர் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் பார்க்கும் இடங்கள் உண்டு. ஆனால் அந்தச் சுமையைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கலாமா? 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்தது, அந்த மார்க்கைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வே இல்லை. பிளஸ் ஒன் முழுவதையும் அடிப்படையைச் சரி செய்ய எடுத்துக்கொள்ளலாம். இந்த வாய்ப்பை வீணாக்கி, பொதுத்தேர்வு வருவதற்கு முன்பு சில பள்ளிகள் செய்ததுபோல் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப் பிளஸ் டூ பாடத்துக்குத் தாவிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. வகையிடலும் தொகையிடலும் பிளஸ் ஒன்னில்தான் தொடங்குகின்றன. அதை ஒழுங்காக நடத்தாவிட்டால் பிளஸ் டூவில் வரும் வகைக்கெழுச் சமன்பாடு யாருக்குப் புரியும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணக்கைப் பிடித்துக்கொள்ள டியூஷன் வையுங்கள் என்கிறார்கள். நல்ல டியூஷன் எல்லாம் மன்னார்குடியில். விட்டு வெளியே வர இரவு எட்டாகிறது. அதற்கு மேல் எங்கள் ஊருக்கு டவுன் பஸ் நம்பிக்கை இல்லை. மெயின் ரோட்டில் இறங்கி வாய்க்கால் கரை வழியே நடந்து வர வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கரை சேறு. பையன் என்றால் சைக்கிளில் அனுப்பிவிடுகிறார்கள். பெண் பிள்ளை என்றால், "கணக்கு வேணாம், வேற குரூப்பு படி" என்று வீட்டில் முடித்துவிடுகிறார்கள். என் கண் பார்க்க எங்கள் தெருவில் கணக்கை விட்டவர்கள் எல்லோரும் பெண் பிள்ளைகள். மார்க் காரணம் என்று பள்ளி ஏட்டில் இருக்கும். பஸ் காரணம் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. காலை எட்டரைக்குப் பள்ளியிலேயே ஒரு மணி நேரம், ஜூன் ஜூலை இரண்டு மாதம், ஒன்பது பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தை மட்டும் திரும்ப நடத்தினால் இந்தப் பிள்ளைகளில் பலர் கணக்கோடு நிற்பார்கள்.

என் மகளிடம் நானும் அவள் அப்பாவும் உட்கார்ந்து பேசினோம். "எனக்குக் கணக்கு பிடிக்கும்மா, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் மார்க்க வாசிச்சதுதான் பிடிக்கல" என்றாள். அரையாண்டுத் தேர்வு வரை கணிதத்திலேயே தொடரட்டும் என்று வெள்ளிக்கிழமை கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளத் தயங்கினார்கள், வாங்கிக்கொண்டார்கள். இப்போது தினமும் காலையில் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் திண்ணையில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அரையாண்டுக்குப் பிறகு அவளே வேண்டாம் என்றால் அப்போது வேறு வழி பார்ப்போம்.

எல்லாத் தெருவிலும் இப்படி ஒரு ஆசிரியர் இருக்க மாட்டார். எனவே, எந்த குரூப்பில் சேர்ந்தால் எந்தெந்தப் படிப்புக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்ற விவரத் தாளைச் சேர்க்கை விண்ணப்பத்தோடு கொடுக்கவும், காலாண்டுத் தேர்வுக்கு முன் எந்த மாணவரையும் குரூப் மாறச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று பள்ளிகளுக்கு அறிவுறுத்தவும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்கள் அடுத்த ஜூன் சேர்க்கைக்கு முன் ஆவன செய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிளஸ் ஒன் மாணவியின் தாய்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.