போர்டு இருக்கட்டும், ராத்திரி வெளிச்சத்தைக் குறையுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சாலையோர டிஜிட்டல் விளம்பரப் பலகைகள் இரவில் எவ்வளவு பிரகாசமாக எரியலாம் என்பதை ஓர் எண்ணாக, ஒவ்வொரு உரிமத்திலும் எழுதுங்கள். அந்த எண்ணை இரவு நேரத்தில் போய் அளந்து பார்க்க ஆள் வையுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

நான் குடியிருப்பது ஒரு சிக்னலை ஒட்டிய கட்டடத்தின் மூன்றாவது மாடி. எதிரே ஒரு எல்.இ.டி. போர்டு இருக்கிறது. யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை, இப்படிப்பட்டவை ஊரில் நிறைய இருக்கின்றன. கருநீலப் பின்னணியில் அடுக்குமாடி விளம்பரம் ஓடும் வரை பிரச்சினை தெரியாது. அடுத்து வெள்ளைப் பின்னணியில் நகைக்கடை விளம்பரம் வந்தால் படுக்கையறைச் சுவர் முழுக்க வெளிச்சம். மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம். கனமான திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். கத்திரி வெயில் காலத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு படுக்கச் சொல்பவர் நிச்சயம் சென்னைக்காரராக இருக்க முடியாது.

இது ஏன் நடக்கிறது என்றால், வெளியில் வைக்கும் எல்.இ.டி. போர்டு நண்பகல் வெயிலோடு போட்டி போடும்படி செய்யப்பட்டது. அதற்கு 5,000 நிட்ஸோ (நிட்ஸ் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) அதற்கு மேலோ ஒளிர்வு தேவை. சூரியன் மறைந்த பிறகு அதில் சிறு பங்குகூடத் தேவையில்லை. சுற்றுப்புற வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகக் குறைத்துக்கொள்ளும் சென்சாரும், மணி பார்த்துக் குறைக்கும் மென்பொருளும் இத்தகைய போர்டுகளுக்குச் சாதாரணமாகக் கிடைப்பவைதான். சென்சார் பழுதாகிக் கிடந்தாலோ, பொருத்தாமலே விட்டிருந்தாலோ, வெளிச்சம் கூட இருந்தால்தான் விளம்பரதாரருக்குத் திருப்தி என்று யாராவது அந்த வசதியை அணைத்து வைத்திருந்தாலோ, பகல் வெளிச்சம் அப்படியே ராத்திரியிலும் கொட்டும்.

என் தூக்கத்தை விடுங்கள். கீழே சாலையில் போகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். இருட்டுக்குப் பழகிய கண் ஒரு பிரகாசமான போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சில நொடிகளுக்கு எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கண்புரை தொடங்கிய வயதில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். இதை நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் வைத்துப் பாருங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல், அதன்மேல் மழைத்துளி, ஒவ்வொரு துளியிலும் போர்டின் ஒளி சிதறுகிறது. நனைந்த தார்ச்சாலை இன்னொரு போர்டு மாதிரி மின்னுகிறது. இடையில் கறுப்புக் குடையோடு சாலையைக் கடக்கும் ஆள் எங்கே தெரிவார்? விளம்பரத்தில் பெரிதாகச் சிவப்போ பச்சையோ வந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் உண்மையான சிக்னல் விளக்கையே தேட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த குறையும் இல்லை. நாட்டின் சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1972-லேயே சாலையோர விளம்பரங்களுக்கான கொள்கையில் (ஐ.ஆர்.சி. 46) இதைச் சொல்லிவிட்டது. விட்டு விட்டு எரியும், அசையும் ஒளி கொண்ட விளம்பரம் கூடாது. ஓட்டுநர், நடந்து செல்பவர் கண்ணைக் கூசச் செய்யும் ஒளி கூடாது. போக்குவரத்துக் குறிகளை மங்கடிக்கும் ஒளியும் கூடாது. நல்ல வாசகங்கள்தான். ஆனால் ‘கண் கூசும்’ என்பதற்கு எண் இல்லை என்றால், எனக்குக் கூசுகிறது என்பேன், போர்டுக்காரர் தனக்குக் கூசவில்லை என்பார், நடுவில் நிற்கும் அதிகாரி என்ன செய்வார், பாவம்.

விளம்பரப் பலகை என்றாலே நாம் அது விழுமா விழாதா என்றுதான் பார்க்கிறோம். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்தார். 2023 ஜூனில் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் ராட்சத பலகை சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தனர். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது விழுந்த பலகை 17 பேரைக் கொன்றது. எனவே கம்பியின் உறுதி, அளவு, காற்றின் வேகம் எல்லாவற்றையும் பார்ப்பது சரி. அந்தப் பட்டியலில் ஒளியும் சேரட்டும் என்கிறேன்.

எண்ணுக்கு எங்கே போவது? பிரிட்டனில் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் லைட்டிங் புரொஃபஷனல்ஸ் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருவதை எடுத்துக்கொள்ளலாம். நகரப் பகுதியில் 10 சதுர மீட்டர் வரையுள்ள பலகைக்கு இரவில் 600 நிட்ஸ், அதைவிடப் பெரியதற்கு 300. நம் முக்கியச் சாலைகளில் நிற்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. 5,000-லிருந்து 300 என்றால் சுமார் பதினேழில் ஒரு பங்கு. பயப்பட வேண்டாம், இருட்டில் அந்த ஒளியிலேயே எழுத்து தெளிவாகத் தெரியும். அளக்கும்போது திரை முழுக்க வெள்ளையாக ஓடவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அளக்க வரும் அன்று கருநீல விளம்பரம்தான் ஓடும்.

வீடுகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். ஜன்னலில் விழும் ஒளியை லக்ஸில் அளப்பார்கள். அதே அமைப்பு நகர மையத்தில்கூட, ஊர் அடங்கும் நேரத்துக்குப் பிறகு 5 லக்ஸுக்கு மேல் கூடாது என்கிறது. புறநகருக்கு 2. முழு நிலா தருவது 0.3 லக்ஸுக்குள்தான் என்பதால் இது ஒன்றும் கஞ்சத்தனமான வரம்பு இல்லை. பிரான்சில் 2022 அக்டோபரிலிருந்து ஒளிரும் விளம்பரங்களை நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 வரை அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாலையில் ஆளே இல்லாத நேரத்தில் நம் போர்டு யாருக்கு நகை விற்கிறது என்று எனக்கும் தெரியவில்லை.

வருமானம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். பிரேசிலின் சாவோ பாலோ நகரம் 2007-ல் செய்தது போல எல்லாவற்றையும் கழற்றச் சொல்லவில்லையே. போர்டு அங்கேயே இருக்கும், கட்டணமும் வரும். வெளிச்சத்தைக் குறைத்தால் மின்கட்டணம் குறையும், எல்.இ.டி.யும் நீண்ட நாள் உழைக்கும். லாபம் அவர்களுக்குத்தான்.

பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரையிலான கடற்கரைப் பக்கம் மட்டும் இன்னும் கடுமையாக இருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் அங்கே முட்டையிடுகின்றன. சுமார் ஒன்றரை மாதத்தில் வெளிவரும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நகரும். கடல் இருக்க வேண்டிய திசையில் கிழக்குக் கடற்கரைச் சாலை இருந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒளிர்வுமானி ஒன்று வாங்குங்கள். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு வெளிச்சப் புகார் வந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல் போய் அளக்கட்டும். மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் எல்லா போர்டும் நல்ல பிள்ளைதான். அனுமதிக்கப்பட்ட அளவைப் பலகையின் அடியில், உரிம எண்ணுக்குப் பக்கத்தில் பொதுமக்கள் படிக்கும்படி எழுதச் சொல்லுங்கள். மாநகராட்சி தன் அறிவிப்புகளுக்காக வைக்கும் திரைகளுக்கும் இதே வரம்பு பொருந்த வேண்டும். முதலில் அங்கிருந்தே தொடங்கலாம். ஏற்கெனவே நிற்கும் போர்டுகளுக்கு உரிமம் புதுப்பிக்கும் நாள் வரை அவகாசம் எதுவும் தேவையில்லை. பெரும்பாலானவற்றில் கம்ப்யூட்டரில் அமைப்பை மாற்றினாலே போதும், சில நிமிட வேலை.

இப்படிக்கு,
சிக்னல் பக்கத்துக் குடியிருப்புவாசி ஒருவர்