அந்தப் படிவம் எங்கள் கைக்கு வரவே இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

"படுகாயத்துடன் மருத்துவமனையில் அனுமதி, போலீசார் விசாரணை" என்று உங்கள் நாளிதழில் தினமும் நாலு செய்தியாவது வருகிறது. அதற்கப்புறம் அந்தக் குடும்பம் என்ன ஆகிறது என்று நானும் யோசித்ததில்லை, என் தங்கை வீட்டுக்காரரின் வண்டியைப் பின்னால் வந்த கார் இடித்து அவருடைய வலது முழங்கால் நொறுங்கும் வரை.

அவருக்கு 38 வயது, டைல்ஸ் ஒட்டுபவர். கார்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து, பழக்கூடை எல்லாம் வைத்து, "செலவை நான் பார்த்துக்கறேன், கேஸ் எதுக்கு, வீணா அலையணும்" என்றார். நாங்களும் நல்ல மனுஷன் என்று நம்பினோம். முதல் ஆபரேஷன் பில் வந்ததும் அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். போட்டபோது 19 நாள் ஆகியிருந்தது.

இதைவிடப் பெரிய வினை ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலில் இருந்தது. விபத்தன்று அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்த புண்ணியவான் பதற்றத்தில் "வண்டியிலேருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறார், டூட்டி டாக்டரும் விபத்துப் பதிவேட்டில் அதையே எழுதிவிட்டார். ஒன்றரை வரிதான், அதில் கார் என்ற சொல்லே இல்லை. மயக்கத்தில் கிடந்த மனிதர் எப்படித் திருத்துவார்? இன்றைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த ஒன்றரை வரியும் 19 நாள் தாமதமும்தான். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது என்று எங்கள் வக்கீல் தைரியம் சொல்கிறார், சரி, ஆனால் அதை வாதாடி நிரூபிக்க எத்தனை வாய்தா ஆகும் என்று அவரும் சொல்லவில்லை.

நான் எழுத வந்தது இதுதான். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீசார் முதல் விபத்து அறிக்கையை, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும், 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. இதோடு, காயம்பட்டவருக்கு என்னென்ன உரிமை, அடுத்து என்ன நடக்கும் என்பதை விளக்கும் 2-ஆம் படிவத்தை விசாரணை அதிகாரியே 10 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. படிக்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். எங்கள் கைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை, இப்படி ஒரு படிவம் இருப்பதே எட்டாவது மாதம்தான் தெரியும்.

எட்டாவது மாதம் என்பதில்தான் சிக்கல். வக்கீல் ஆபீசில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே "ஆக்சிடென்ட் ஆகி ஆறு மாசம் தாண்டிடுச்சா?" என்பதுதான். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட்டுவிட வேண்டும் என்பது கெடு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த இந்தக் கெடுவை, ஏழைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்று 1994-இல் எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தத்தில் மறுபடி சேர்த்து 2022-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள், அதுவும் முன்பு இருந்த, தாமதத்துக்குக் காரணம் காட்டும் வழியைச் சேர்க்காமலேயே. ஆறு மாதத்தில் என் மாப்பிள்ளை வாக்கர் பிடித்து பாத்ரூம் வரை போகப் பழகியிருந்தார், அவ்வளவுதான். இதை எதிர்த்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில், இறுதி முடிவு வரும் வரை காலதாமதம் என்று சொல்லி மனுக்களைத் தள்ளக் கூடாது என இடைக்கால உத்தரவு போட்டதால்தான் எங்கள் மனு உயிரோடு இருக்கிறது. போலீசார் தங்கள் 90 நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன், வக்கீல் சிரித்தார்.

ஊனச் சதவீதம் பற்றியும் ஒரு வார்த்தை, இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். மருத்துவக் குழு இவருக்கு 30 சதவீதம் கொடுத்திருக்கிறது. மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது 30 ஆகவே இருக்கலாம். குத்துக்காலிட்டு உட்கார முடியாதவர் எப்படி டைல்ஸ் ஒட்டுவார்? உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு, தொழிலைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாதம் 18,000 ரூபாய் வருமானம், அதில் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, அதை வருடக் கணக்காக்கி, 38 வயதுக்கு உரிய பெருக்கி (வயதைப் பார்த்து வருட வருமானத்தைப் பெருக்கும் எண்) 15 போட்டால், 30 சதவீதத்துக்கு 13,60,800 ரூபாய். அதையே வேலைத்திறன் இழப்பு 80 சதவீதம் என்று எடுத்தால் 36,28,800. இவ்வளவு வித்தியாசம் சிகிச்சை கொடுத்த டாக்டர் கூண்டேறி என்ன சொல்கிறார் என்பதில் தொங்குகிறது, அவர் வர வேண்டுமே! அந்த 18,000-க்கே எங்களிடம் ரசீது கிடையாது, தினக்கூலிக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்?

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஸ்டேஷனில் கிடைக்காத அந்த 2-ஆம் படிவத்தை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலேயே, ஏ.ஆர். போடும் மேஜையில் அடுக்கி வைத்து, உடன் வந்தவர் கையில் கொடுக்கச் சொல்லி அரசு ஓர் உத்தரவு போடட்டும். இன்னொன்று உங்களுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிவத்தைத் தமிழில் முழுப் பக்கத்துக்குப் போடுங்கள் ஐயா, வெட்டி பீரோவில் ஒட்டிவைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்