பரணில் கிடைத்த போஸ்டர்

அன்புள்ள செல்வம்,

நலமா? முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தங்கச்சி மாடிப்படி ஏறுகிறாளா?

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது நம் ஆய்வு முடிவை எழுதி கான்ஃபரன்ஸில் ஒட்டிய பழைய போஸ்டர் சுருள் கிடைத்தது. சர்க்கரைப் புண்ணுக்குக் களிம்பு போட்டுக் கட்டுவதா, வெறும் சலைன் டிரெஸ்ஸிங் போதுமா என்று ஒன்றரை வருடம் பார்த்தோமே, அதுதான். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று முடிந்தது. கான்ஃபரன்ஸில் சாயங்காலம் வரை அதன் பக்கத்தில் நின்றோம். வந்தவர்கள் நாலு பேர், அதில் இருவர் காபி எங்கே என்று கேட்க வந்தவர்கள். "ஊருக்குப் போனதும் ஜர்னலுக்கு எழுதி அனுப்பிடலாம்டா" என்றாய். நானும் தலையாட்டினேன்.

இப்போது என் யூனிட்டில் ஒரு பி.ஜி. மாணவி அதே கேள்வியைத் தீசிஸுக்கு எடுத்திருக்கிறாள். இதை யாரும் செய்யவில்லை என்றாள். "நாங்கள் செய்தோமே" என்றேன். "எந்த ஜர்னல் சார்?" என்று கேட்டாள். முழித்தேன்.

இப்படி எழுதாமல் விட்டது நாம் மட்டும்தானா என்று தேடினால், பெரிய கூட்டமே இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பில், 425 ஆய்வறிக்கைகள் வழியாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்டுகளை, அதாவது ஆய்வுச் சுருக்கங்களை, துரத்திப் பார்த்திருக்கிறார்கள். முழுக் கட்டுரையாக வந்தவை 37 சதவீதம்தான். பத்து வருடம் பொறுத்துக் கணக்குப் போட்டாலும் பாதியைத் தொடவில்லை. மேடையில் பேசியவை போஸ்டரைவிடக் கொஞ்சம் தேவலை. மருந்து பலித்தது என்று சொன்னவை, பலிக்கவில்லை என்றவற்றைவிட அதிகம் அச்சேறின.

எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி விஷயம்தான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் ஆண்டுக் கூட்டத்தில் 1989 முதல் 1998 வரை சொல்லப்பட்ட பெரிய சோதனைகளை ஒரு குழு பின்தொடர்ந்தது. ஐந்து வருடம் கழித்தும் 26 சதவீதம் வெளிவரவில்லை. தெளிவான வித்தியாசம் காட்டியவற்றில் 81 சதவீதம் வந்தன, காட்டாதவற்றில் 68. உடம்பைக் கொடுத்த நோயாளிகள் இரண்டு பக்கமும் ஒன்றுதானே?

ஜர்னல்காரர்கள் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம். எழுதாதவர்களைக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், நேரமில்லை. நாமும் அதைத்தானே சொன்னோம்! பழைய மெடிக்கல் கவுன்சில் விதி நினைவிருக்கிறதா? பி.ஜி. முடிக்க ஒரு போஸ்டர், ஒரு பேப்பர் வாசிப்பு, அப்புறம் ஜர்னலுக்கு ஒரு கட்டுரை. அதுவும் அச்சில் வந்திருக்க வேண்டும் என்றில்லை, அனுப்பியிருந்தாலே போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நோயாளிகளின் விவரமெல்லாம் குறித்த நம் மாஸ்டர் சார்ட் உன்னிடம்தான் இருந்தது. நீல ஃபைல், உன் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்ததாக ஞாபகம். தேடிப் பார். கிடைத்தால் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பாதே, உன் கையெழுத்து நேரில் பார்த்தாலே எனக்குப் புரியாது. கூரியரில் போடு. அந்தப் பெண் அடுத்த மாதம் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகிறாள்.

அன்புடன்,
ரகு