14 கைகள் உயரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய 'ஐரோப்பாவின் எதிர்காலம்' மாநாட்டுக்காக அதன் 27 உறுப்பு நாடுகளிலிருந்து குலுக்கல் முறையில் 800 சாதாரண மக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு 16 முதல் 25 வயது இளைஞர்கள். அவர்கள் 24 மொழிகளில் பேச வழி செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்களின் உழைப்பும் சேர்ந்து உருவான 49 முன்மொழிவுகள் 2022 மே 9-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒன்றிய அமைப்புகளின் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரே ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நின்றுபோகும் முறையைப் பெருமளவு குறைக்கச் சொன்னதும் அதில் உண்டு.

சரி, அப்புறம்? இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களைத் திருத்த வேண்டியிருக்கும்; அதற்கு அவசரம் வேண்டாமென்று 13 நாடுகள் அன்றே சொல்லிவிட்டன. 2023 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் திருத்தம் கோரித் தீர்மானமே நிறைவேற்றியது. திருத்தத்துக்கான அவையைக் கூட்ட, 27 நாடுகளின் தலைவர்களில் 14 பேர் ஆதரித்தால் போதும். தலைவர்களே, குறைந்தபட்சம் அதற்கு வாக்கெடுப்பாவது நடத்துங்கள்.

— ஒரு வாசகி, திருச்சி