உங்கய்யன் போர்த் தண்ணி

அன்புள்ள சரசு,

உனக்கு எழுதி நாலு மாசமாச்சு. போன்ல பேசறப்பெல்லாம் "வேற என்ன விசேஷம்?"னு கேட்ப, நானும் "ஒண்ணுமில்ல புள்ள"ன்னு வெச்சிருவேன். ஒண்ணு இருந்துச்சு. அதை வாயால சொல்ல வரல. அதான் எழுதறேன். உட்கார்ந்து படி. கட்டன்சாயா டம்ளரைக் கீழ வெச்சுட்டுப் படி.

இங்க எல்லாரும் சௌக்கியம். செவலை கிடேரிக் கன்னு போட்டிருக்கு. தென்னையில வெள்ளை ஈ இன்னும் விடல. சைக்கிள் கடை அண்ணன் கண் ஆபரேஷன் முடிச்சு வந்து, "இப்பத்தான் உங்க ரெண்டு பேரு மூஞ்சியும் ஒழுங்காத் தெரியும், அவளை வரச் சொல்லு"ன்னார். அவர் கிட்ட உனக்கு இன்னும் வாடகை பாக்கி இருக்காம்.

விஷயத்துக்கு வர்றேன். ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பொம்பளைங்களுக்குத் தண்ணி சோதிக்கச் சொல்லிக் கொடுக்கறாங்க. இங்க கேரள அரசோட பொம்பளைங்க குழு, குடும்பஸ்ரீ, அது மூலமா என்னையும் சேர்த்தாங்க. ஒரு பெட்டி, அதுக்குள்ள சின்னச் சின்ன பாட்டில், கலர் அட்டை. பள்ளிக்கூட லேப்புல நீ உடைச்ச பிப்பெட் ஞாபகம் வந்து ஒருநாள் முழுக்கச் சிரிச்சேன். அங்கன்வாடி குழாய், மாரியம்மன் கோயில் கிணறு, நாலு வீட்டு போர், எல்லாம் பார்த்தேன். உங்கய்யன் போரைக் கடைசிக்கு வெச்சிருந்தேன். சாப்பாட்டுல வடையைக் கடைசிக்கு ஒதுக்கி வெக்கிற மாதிரி.

ஃப்ளோரைடுன்னு தண்ணியில கரைஞ்சிருக்கற ஒரு உப்பு. அதைப் பார்க்கற மருந்தை விட்டா, தண்ணி நல்லா இருந்தா இளஞ்சிவப்பு நிக்கும். அதிகமாக ஆக மஞ்சளுக்குப் போகும். உங்கய்யன் தண்ணி மஞ்சளாயிருச்சு. பாட்டிலைக் கழுவி மறுபடி பார்த்தேன். மஞ்சள். மூணாந்தடவையும் மஞ்சள். அப்புறம் கேன்ல பிடிச்சு லேபுக்குக் கொடுத்தேன். பேப்பர் வந்துச்சு. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் நல்ல அளவு, வேற தண்ணிக்கு வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தரக் கணக்கு. இது அந்த ஒன்றரையையும் தாண்டிருச்சு. ஒரு மில்லிகிராம்னா, ஆயிரம் லிட்டர் டேங்குல ஒரே ஒரு கிராம். ரெண்டு சிட்டிகை உப்பு எடை. அந்த ரெண்டு சிட்டிகைதான், சரசு.

அந்த வறட்சியில உங்கம்மா வளையலை வித்து உங்கய்யன் 640 அடி இறக்கினது எனக்கு நேத்து மாதிரி இருக்கு. தண்ணி வந்த அன்னிக்குச் சுவத்தை உடைச்சுத் தெருப்பக்கம் குழாய் வெச்சார். "வர்றவங்க பிடிச்சுக்கட்டும், கேட்டுட்டு நிக்க வேண்டாம்"னார். கண்ணாடி மாதிரித் தண்ணி. இருபது வீடு அதைத்தான் குடிக்குது. என் பேத்தியும் பொறந்ததிலிருந்து அதைத்தான் குடிக்கறா. இப்ப அவளுக்கு ஏழு வயசு. முன்பல்லு விழுந்து முளைச்சிருக்கு. பல்லுல சுண்ணாம்பு தீட்டின மாதிரி வெள்ளைக் கோடு. சில இடத்துல பழுப்பு.

அதைப் பார்த்ததும் உன் வாய்தான் ஞாபகம் வந்துச்சு. பள்ளிக்கூட அடிபம்பு. கையால வாயை மூடிட்டே நீ சிரிச்ச சிரிப்பு. பல்லு விளக்காம வர்றான்னு அந்த டீச்சர் உன்னை வெளிய நிறுத்தினது, நீ செங்கல்பொடி, கரி, உப்புன்னு ஈறு கிழியற வரைக்கும் தேய்ச்சது. அது அழுக்கே இல்ல புள்ள. பல்லு ஈறுக்குள்ள உருவாகறப்பவே, எட்டு வயசுக்குள்ள, தண்ணியில இருந்த ஃப்ளோரைடு போட்ட கறை. எத்தனை தேய்ச்சாலும் போகாது. உம்மேல ஒரு தப்பும் இல்ல. இதை உனக்கு நாப்பது வருஷம் முன்னாலயே யாராவது சொல்லியிருக்கணும்.

இன்னொண்ணு என்னைத் தூங்க விடல. எல்லா வீட்டுலயும் "காய்ச்சிக் குடிங்க, காய்ச்சிக் குடிங்க"ன்னு நான்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். காய்ச்சினா கிருமி சாகும். ஃப்ளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த அடர்த்தி கூடத்தான் செய்யும். பதிமுகக் கட்டை போட்டாலும் சீரகம் போட்டாலும் அதே கதை. தேயிலையிலயே ஃப்ளோரைடு இருக்குதாம், ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் கட்டன் குடிக்கறவ கவனிச்சுக்கோ. வருஷக்கணக்கா நிறையப் போனா எலும்புலயும் சேருமாம். முதுகு விறைக்கும், மூட்டு மடங்காது, பார்க்க வாதம் மாதிரியே இருக்கும். உங்கம்மா கடைசி அஞ்சு வருஷம் குனிஞ்சபடியே நடந்தாங்களே. வயசா, தோட்ட வேலையா, இந்தத் தண்ணியா, எல்லாம் சேர்ந்ததா? நினைச்சா நெஞ்சு அடைக்குது.

இது யார் செஞ்ச வினையும் இல்ல. 2002ல பிளாச்சிமடைப் போராட்டப் பந்தல்ல போய் உட்கார்ந்தப்ப, கை நீட்டிக் காட்ட எதிர்ல நிலத்தடித் தண்ணியை உறிஞ்சின கோக்கோ கோலா ஆலை இருந்துச்சு. 2004ல அது மூடினப்ப நாம ஜெயிச்சோம்னு லட்டு கொடுத்தோம். இங்க பாறைதான். ஆழத்துல தண்ணி பல வருஷம் பாறையோட ஒட்டிக் கெடக்கறப்ப, பாறையில இருக்கறது அதுல கரைஞ்சு வருது. பாலக்காட்டுல மழை குறைஞ்ச கெழக்கு ஓரம் நம்மளுது. கிணறு வத்த வத்த ஆழமாப் போனோம், ஆழமாப் போகப் போக இதை மேல இழுத்தோம்.

உங்கண்ணன் கிட்டப் பேப்பரைக் காட்டினேன். வாசல்ல நிக்க வெச்சே படிச்சார். "எங்கய்யன் செஞ்ச தருமத்துல மண்ணள்ளிப் போட வந்துட்டியா"ன்னார். அதுக்கப்புறம் என்னோட பேச்சில்ல. அண்ணி மட்டும் மோர் கொடுத்து அனுப்பினாங்க. எனக்குக் கோபம் இல்ல. அவர் இடத்துல நானா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

இன்னொரு வேடிக்கை கேளு. கலங்கல்னு எல்லாரும் கைவிட்ட மாரியம்மன் கோயில் கிணத்துல ஃப்ளோரைடு கம்மி, இளஞ்சிவப்பு அப்படியே நின்னுச்சு. மேல் தண்ணி, மழையும் வாய்க்காலும் கொடுத்தது. ஆனா கிருமி இருக்கான்னு பார்க்கற பாட்டில்ல அந்தத் தண்ணியை ஊத்தி ஒரு நாள் வெச்சா, மை மாதிரிக் கறுத்துப் போச்சு. கக்கூஸ் குழி கிணத்துக்கு ஏழரை மீட்டராவது தள்ளி இருக்கணும்னு கேரளாவுல விதி. அங்க நாலு மீட்டர்கூட இல்ல. ஆனா இதுக்கு வைத்தியம் இருக்கு சரசு! கிணறு குறுக்கே 3 மீட்டர், தண்ணி 2 மீட்டர், மொத்தம் 14,000 லிட்டர் சொச்சம். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம்னா 35 கிராம் பிளீச்சிங் பவுடர், அவ்வளவுதான். புதுசா இருக்கணும், திறந்து கெடந்த மூட்டை வேலைக்காகாது. பக்கெட்டுல கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் தெளிவை மட்டும் இன்னொரு பக்கெட்டுல எடுத்துக் கிணத்துல இறக்கி நல்லா அலசி, ஒரு மணி நேரம் விடணும். குழியை மாத்தச் சொல்லி கிராமசபையில எழுதிக் கொடுத்திருக்கேன். அது மாறாம அந்தத் தண்ணியைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

போர்த் தண்ணிக்கு மெஷின் வெக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். படிகாரம், சுண்ணாம்பு போட்டு ஃப்ளோரைடை அடியில தங்க வெக்கற நல்கொண்டா முறை இருக்குன்னு இன்னொருத்தர். தினமும் அளந்து போட யாரு இருக்கா? மழைத் தண்ணியில ஃப்ளோரைடு இல்லைன்னே சொல்லலாம். பூட்டிக் கெடக்கற உன் வீட்டு மொட்டைமாடி 100 சதுர மீட்டர் வரும். 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1,000 லிட்டர். முதல் மழையை வெளிய விட்டுட்டு, மணல், கரி வழியா வடிச்சு மூடின தொட்டியில சேர்த்து, கொஞ்சம் குளோரின் போட்டா, சின்னப் பிள்ளைங்க இருக்கற ஒன்பது வீட்டுக்குக் குடிக்கவும் சோறாக்கவும் மாசக்கணக்குல ஓடும். சோறு குடிக்கற தண்ணியும் வயித்துக்குத்தானே போகுது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ உங்கய்யன் குழாய் அங்கயே இருக்கட்டும். அதை யாரும் மூட மாட்டாங்க, நான் விடவும் மாட்டேன்.

எனக்கு ரெண்டு வேணும். மாடிச் சாவி. ஐப்பசி மழைக்கு முன்னாடி தொட்டி கட்டியாகணும், குடும்பஸ்ரீக்காரங்க கை கொடுக்கறோம்னாங்க. இன்னொண்ணு, அண்ணனுக்கு நீ ஒரு போன் போடு. லேப் பேப்பர், மில்லிகிராம் எல்லாம் சொல்லாதே, என் பேரையும் எடுக்காதே. உன் பல்லைப் பத்திச் சொல்லு. வாயை மூடாம சொல்லு.

உன்
பக்கத்து பெஞ்சுக்காரி