குப்பைக்குப் போகாத யோகட்

அன்புள்ள சிவா மச்சான்,

சுகம்தானே? அம்மாவின் கண் ஒபரேஷன் நல்லபடி முடிந்ததாகத் தம்பி சொன்னான், சந்தோஷம். நீயோ கன நாளாகக் காலை வணக்கப் பூக்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். ஒரு வரி எழுதினால் விரல் தேயாதடா.

பாரிஸில் எங்கள் கடையில் என்னைக் குளிர்ப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். விடியவே போய் பால், யோகட், இறைச்சி எல்லாவற்றிலும் திகதி பார்க்க வேண்டும். முடியப்போகிறதுக்கு விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதற்கும் போகாதது தொண்டு நிறுவனத்துக்கு.

நான் வந்த புதிதில் நின்ற கடையில் மிச்சமெல்லாம் பின்பக்கத் தொட்டிக்குத்தான் போகும். யாரும் எடுத்துத் தின்னக்கூடாதென்று மேலே ஜாவெல் என்கிற வெளுப்புத் திரவத்தை ஊற்றச் சொல்வார்கள். அந்த மணத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. 2016 பெப்ரவரியில் வந்த சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தே ஆக வேண்டும். சாப்பிடக்கூடியதைப் பழுதாக்கினால் முதலில் 3750 ஈரோ தண்டம். 2020இல் அதை வருட விற்பனையில் 0.1 வீதம் வரை கூட்டினார்கள். கொடுக்கிற பொருளின் பெறுமதியில் 60 வீதம் வரியிலும் கழிகிறது. கொடுப்பதால் முதலாளிக்கு நட்டமில்லை.

ஆனால் மச்சான், நேரம்தான் பிரச்சினை. திகதி முடிய 48 மணித்தியாலமாவது இருக்கும்போது கொடுக்க வேண்டும் என்பது விதி. சுணங்காமல் பங்கிட்டுவிடுவோம் என்று தொண்டு நிறுவனத்தார் உறுதி சொன்னால் மட்டும் விலக்கு. எங்கள் மேலாளரோ கடைசி நிமிஷம் வரை விற்கப் பார்க்கிறார். தொண்டு நிறுவனத்திலிருந்து வான் வண்டி கொண்டு வருபவர்கள் ஓய்வூதியம் எடுக்கும் கிழவன் கிழவிகள். அன்றைக்கு ஒரு அம்மா சலாது பெட்டியைத் திறந்து, அடியில் தண்ணீர் விட்டுக் கறுத்திருந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பாதி அவர்களுடைய தொட்டிக்குள் போனது. எங்கள் குப்பையை அவர்கள் தலையில் கட்டுகிறோம், அதற்கு வரிச் சலுகையும் வாங்குகிறோம்! இது சரியில்லை என்று மேலாளரிடம் நேரே சொன்னேன். யோகட்டை மட்டும் ஒரு நாள் முந்திக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். இறைச்சிக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையில் ஓடரையே குறைக்க வேண்டும். சனிக்கிழமை தட்டு நிறைந்து கிடக்க வேண்டுமென்று அடுக்குவதெல்லாம் செவ்வாய்க்கிழமை என் கையில்தான் வந்து விழுகிறது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பொழுதுபட மிஞ்சும் மரக்கறியை இப்போது என்ன செய்கிறார்கள்? குஞ்சன் மாமாவிடம் கேட்டு எழுது. அவர் கதை தொடங்கினால் முடிக்கமாட்டார், பொறுத்துக்கொள்.

அன்புடன்,
பாலா